உன் ஊரைப் பற்றி எழுது

அன்புள்ள தம்பி,

சேர்வராயன் மலையில், ஏற்காட்டுப் பக்கம் இருக்கும் உன் ஊர் தலைச்சோலையைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் எந்தப் புத்தகமும் உதவவில்லை என்று எழுதியிருந்தாய். ஏற்காடு என்று தேடினால் சேலம் கலெக்டர் காக்பர்ன் வருவார், 1820களில் அவர் கொண்டுவந்த காப்பி வரும், கிரேஞ்ச் எஸ்டேட் வரும். துரைமார் ஏறி வந்தபோது இந்த மலை சும்மா கிடக்கவில்லை. சாமையும் கேழ்வரகும் விளைந்துகொண்டிருந்தன. விளைவித்தவர்கள் உன் முன்னோர்.

காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பினார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும் நடுவண்ணன் பச்சைமலைக்கும் சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள் என்று உங்கள் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் சொல்வார்கள். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றித் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1909இல் வெளியிட்ட நூலிலும் இந்தக் கதை இருக்கிறது. ஆண்டு இல்லாத கதை என்று தள்ளிவிடாதே. மூன்று மலைக்காரர்களும் ஒரு குடி என்ற நினைவு அதில் தங்கியிருக்கிறது.

அதைவிடப் பழைய சான்று கல்லில் இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக் காலத்தை ஏற்காட்டில் கழித்தவர். சேர்வராயன் மலையில் அவர் கண்டவை புதிய கற்காலக் கோடரிகள். கையில் அடங்கும் கருங்கல். ஒரு முனை குறுகியிருக்கும், மறுமுனையைத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கியிருப்பார்கள். காட்டிலும் வயலிலும் அகப்பட்ட இந்தக் கற்களை மலைமக்கள் தூக்கி எறியவில்லை. சிறு கோயில்களில் சேர்த்து, பிள்ளையாராகக் கும்பிட்டார்கள். பல கற்கள் காணாமல் போகாமல் நின்றது அந்தக் கும்பிடுதலால்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஃபூட் திரட்டிய தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. அந்த அருங்காட்சியகம் இருக்கும் எழும்பூருக்குப் போனால் தவறாமல் பார்.

உங்கள் பக்கத்துக் கோயிலில் அப்படி ஒரு கல்லைக் கண்டால் எடுத்துவிடாதே. பெரியவர்களிடம் அனுமதி கேட்டு அளந்துகொள், படம் வரைந்துகொள், இருந்த இடத்திலேயே விட்டுவிடு.

பிறகு பாட்டியிடம் உட்கார். எந்தக் கொல்லைக்கு என்ன பெயர், சாமை விளைந்த நிலத்தில் காப்பியும் மிளகும் எப்போது ஏறின, பஸ் வருவதற்கு முன் சேலத்துக்கு எந்தத் தடத்தில் இறங்கினார்கள், ஊர்க்கவுண்டர் எந்த வழக்கை எப்படித் தீர்த்தார் என்றெல்லாம் கேள். பாட்டி சொல்லும் சொல்லிலேயே எழுது. புத்தகத் தமிழுக்கு மாற்றாதே. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுது.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வருவார்கள். அதற்குள் ஒரு நோட்டை நிரப்பி வை. மற்ற ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியதை அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்