காகிதத்தில் ஒரு வீடு: கட்டட வரைபடத்தின் முதற் பாடம்

பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த தொழிற்பேட்டை பொம்மசந்திரா. அண்டை மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து குடியேறும் பகுதி இது. 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் இங்கு வரை வந்தது. தொழில் வளரும் இடத்தில் குடியிருப்பும் வளர்ந்தாக வேண்டும். பெங்களூரில் வழங்கும் மனை அளவுகளில் சிறியது 20 அடிக்கு 30 அடி, அதாவது ஏறத்தாழ 6 மீட்டருக்கு 9 மீட்டர். இச்சிறு மனையில் ஒரு குடும்பம் வசதியாக வாழ்வதும் நெருக்கடியில் தவிப்பதும் முதலில் காகிதத்தில்தான் முடிவாகின்றன. தாளில் நேர்ந்த பிழையை அழிப்பான் நீக்கிவிடும். சுவரில் நேர்ந்த பிழையை நீக்கக் கூலியும் செங்கல்லும் மீண்டும் வேண்டும்.

மூன்று படங்கள்

ஒரு கட்டடத்தை விளக்க மூன்று வகைப் படங்கள் இன்றியமையாதவை. கட்டடத்தைச் சன்னல் மட்டத்தில் கிடையாக வெட்டி, மேற்பகுதியை நீக்கி, மேலிருந்து நோக்கினால் கிடைப்பது தளப்படம். செங்குத்தாக வெட்டி நோக்கினால் கிடைப்பது வெட்டுப்படம். கூரையின் உயரமும் அடித்தளத்தின் ஆழமும் இதில் தெரியும். வெளியே நின்று நேராக நோக்கும் தோற்றம் முகப்புப்படம்.

படம் அளவு விகிதப்படி அமைதல் வேண்டும். 1:100 எனில் தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் ஒரு மீட்டர். 1:50 எனில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு மீட்டர். வெட்டுப்பட்ட சுவர்களுக்குத் தடித்த கோடு, அப்பால் தெரிபவற்றுக்கு மெல்லிய கோடு, கண்ணுக்கு மறைந்தவற்றுக்கு விட்டுவிட்டு வரும் கோடு என்பது மரபு. வடதிசைக் குறியீடு இல்லாத தளப்படம் முழுமை பெறாது.

ஒரு பயிற்சி

வடக்கில் சாலை உள்ள 6×9 மீட்டர் மனையை எடுத்துக்கொள்வோம். விட வேண்டிய திறந்தவெளி உள்ளாட்சி விதிகளுக்கேற்ப மாறும். இப்பயிற்சியில் முன்னும் பின்னும் கிழக்கிலும் ஒவ்வொரு மீட்டர் விடப்படுகிறது. மேற்கில் அடுத்த வீடு ஒட்டி நிற்கிறது. கட்டடம் 5×7 மீட்டர். வெளிச்சுவர் 20 சென்டிமீட்டர் எனில், உள்ளளவு 4.6×6.6 மீட்டர் மட்டுமே. சுவர் தின்னும் இடத்தைக் கணக்கில் கொள்ளாமை தொடக்கநிலை மாணவர் பெரிதும் செய்யும் பிழை.

1970-இல் வெளியாகி 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு குறைந்த அளவுகளை வகுத்துள்ளது. இரண்டு அறைகள் இருப்பின் ஒன்று 9.5 சதுர மீட்டரும் மற்றொன்று 7.5 சதுர மீட்டரும் இருத்தல் வேண்டும். சமையலறைக்கு 5 சதுர மீட்டர், அகலம் 1.8 மீட்டர், குளியலறையும் கழிப்பறையும் இணைந்திருப்பின் 2.8 சதுர மீட்டர்.

முதல் முயற்சியில், முன்புறம் 4.6×3 மீட்டரில் கூடம். அதன்பின் 10 சென்டிமீட்டர் உட்சுவர் போக 3.5 மீட்டர் ஆழம் எஞ்சுகிறது. அதில் மேற்கே 2.7 மீட்டர் அகலப் படுக்கையறை, கிழக்கே 1.8 மீட்டர் அகலச் சமையலறை. சமையலறைக்கு 2.8 மீட்டர் நீளம் தந்தபின், இடைச்சுவர் போக மிஞ்சுவது 60 சென்டிமீட்டர். அதில் குளியலறை அமையாது. சாரம் கட்டுமுன்பே இதைத் தாள் சொல்லிவிடுகிறது.

தீர்வு, கூடத்தின் கிழக்குப் பகுதியை ஒரு மீட்டர் குறைப்பதாகும். கூடம் 11.9 சதுர மீட்டராகச் சுருங்கினும் விதிக்கு உட்பட்டதே. பின்மூலையில் 1.8×1.6 மீட்டர் குளியலறை கிடைக்கிறது. அதன் கதவு படுக்கையறையில் திறப்பது ஒரு குறை. விருந்தினர் அவ்வழியே செல்ல நேரும். இக்குறையை ஏற்பதா, மாற்றி வரைவதா என்பதைக் குடியிருப்போரே கடைக்கால் தோண்டுமுன் முடிவு செய்யலாம்.

உள்ளிடமும் ஒளியும்

அறை வெறும் பரப்பன்று. அதில் மனிதர் நடமாட வேண்டும். ஆகவே கட்டில், அலமாரி, கதவு திறக்கும் வளைவு ஆகியவற்றையும் அதே விகிதத்தில் தளப்படத்தில் வரைதல் வேண்டும். 2.7 மீட்டர் அகல அறையில் 1.9 மீட்டர் நீளக் கட்டிலைக் குறுக்கே இட்டால், நடக்க 80 சென்டிமீட்டர் எஞ்சும். குளியலறைக் கதவு அவ்வழியை மறிக்காமல் குளியலறைக்குள்ளேயே திறத்தல் நன்று.

மிதமான தட்பவெப்பத்தில் சன்னல் பரப்பு தரைப்பரப்பில் எட்டில் ஒரு பங்காவது இருத்தல் வேண்டும். 9.45 சதுர மீட்டர் படுக்கையறைக்கு, 1.2 மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் கொண்ட தெற்குச் சன்னல் போதும். பொம்மசந்திரா வடக்கு அட்சம் 13 பாகைக்கு அருகில் இருப்பதால், டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் தெற்கே ஏறத்தாழ 54 பாகை உயரத்தில் நிற்கும். 60 சென்டிமீட்டர் நீண்ட சன்ஷேடு அப்போது 80 சென்டிமீட்டருக்கு நிழல் தரும். மார்ச்சு நண்பகலில் சன்னல் முழுவதையும் மறைக்கும். கிழக்கு, மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் இவ்வுத்தி அங்குப் பயன்படாது.

வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் அலுவலர் பரப்பளவை மட்டும் கூட்டிப் பார்த்து முத்திரையிடுதல் போதாது. கட்டிலுக்கு இடம் உண்டா, காற்றுக்கு வழி உண்டா என்றும் அவர் வினவ வேண்டும். முப்பத்தைந்து சதுர மீட்டரில் வாழப்போகும் குடும்பத்துக்கு அறுபது சென்டிமீட்டர் சிறிய அளவன்று.