ஒரு சட்டை எவ்வளவு? அச்சுக் கடைக்கான விலை வழிகாட்டி

தைப்பூசம் நெருங்கினால் செந்தூலில் அச்சுக் கடை நடத்துபவரின் கைப்பேசி ஓயாது. தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்கள், உறுமி மேளக் குழுவினர், காவடி எடுப்பவரின் குடும்பத்தார் என எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஒரு சட்டை எவ்வளவு?" உடனே ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் நட்டம் அங்கேயே தொடங்கிவிடும். எத்தனை சட்டை, எத்தனை வண்ணம், எந்த நிறத் துணி என்று முதலில் கேளுங்கள்.

அடக்கவிலை

ஸ்கிரீன் அச்சில் வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். கறுப்புத் துணியில் மஞ்சளும் சிவப்பும் எடுப்பாகத் தெரிய அடியில் வெள்ளை அடிக்க வேண்டும். ஆக 3 ஸ்கிரீன். சட்டை 9 வெள்ளி, ஸ்கிரீன் ஒன்றுக்கு 30 வெள்ளி, ஒரு வண்ணம் அடிக்க 1.50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இவை எடுத்துக்காட்டுத்தான், உங்கள் கடைத் தொகையைப் போட்டுப் பாருங்கள். 20 சட்டை என்றால் ஒன்றின் அடக்கம் 18 வெள்ளி. 200 என்றால் 13.95 வெள்ளி. உழைப்பு மாறவில்லை, 90 வெள்ளி ஸ்கிரீன் செலவு பங்கு பிரிவதுதான் மாறுகிறது.

மூன்று வழிகள்

1. எல்லாருக்கும் ஒரே விலை: சொல்ல எளிது. ஆனால் 17 வெள்ளி என்று வைத்தால் 20 சட்டைக்காரரிடம் 20 வெள்ளி இழப்பீர்கள். 200 சட்டைக்காரரோ, குறைத்துத் தரும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

2. எண்ணிக்கைப்படி விலை: பலரும் செய்வது இதுதான். எல்லைகளில் கவனம் வேண்டும். 50 முதல் 99 வரை 18 வெள்ளி, 100 முதல் 16 வெள்ளி என்றால், 95 சட்டைக்கு 1,710 வெள்ளி. 100 சட்டைக்கு 1,600 வெள்ளிதான். படிகளை நெருக்கமாக அமைத்தால் இந்தக் குழப்பம் குறையும்.

3. ஸ்கிரீன் தனி, சட்டை தனி: கொட்டேஷனில் 90 வெள்ளியைத் தனி வரியாகக் காட்டி, சட்டைக்கு மீதி அடக்கமும் இலாபமும் சேர்த்து ஒரே விலை போடுவது. எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் உங்கள் இலாபம் கெடாது. அதே படத்தை மறுபடி அடிக்கும்போது ஸ்கிரீன் பத்திரமாக இருந்தால் அந்தத் தொகையை விட்டுவிடலாம். அந்த வாடிக்கையாளர் மறுபடி உங்களிடமே வருவார்.

டிடிஎஃப் எப்போது?

படத்தைப் படலத்தில் அச்சிட்டுத் துணியில் ஒட்டும் டிடிஎஃப் அச்சுக்கு ஸ்கிரீன் இல்லை. எத்தனை வண்ணமானாலும் படத்தின் அளவுக்குத்தான் காசு. அது சட்டைக்கு 7 வெள்ளி என்றால், வெள்ளைத் துணியில் ஒரே வண்ணத்துக்கு 6 சட்டையிலிருந்தே ஸ்கிரீன் மலிவு. 3 ஸ்கிரீன் வேலையில் இரண்டும் 36 சட்டையில் சமமாகும். 4 ஸ்கிரீன் என்றால் 120 சட்டை வேண்டும். சாமி படத்தைப் புகைப்படம் போலக் கேட்கும் சிறு குழுவுக்கு டிடிஎஃப் சொல்லுங்கள். ஆனால் அது துணிமேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். இரவெல்லாம் தேரோடு பத்துமலைக்கு நடப்பவருக்குப் பெரிய படம் வியர்வையில் புழுங்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

விட்டுப்போகும் செலவுகள்

பெரிய அளவுச் சட்டைகளின் கூடுதல் விலை, வீணாகும் ஓரிரு சட்டைகள், படம் திருத்தும் நேரம் ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். பாதித் தொகை முன்பணமாக வந்த பிறகே துணி வாங்குங்கள். அவசர வேலைக்குக் கூடுதல் கட்டணம் கேட்பது தவறில்லை. ஆனால் அவசரத்துக்காகச் சூட்டைக் குறைக்காதீர்கள். பிளாஸ்டிசால் மை சுமார் 160 பாகை செல்சியஸில் முழுதாக இறுகாவிட்டால் துவைக்கத் துவைக்க உதிரும்.

என் தேர்வு மூன்றாவது வழி. ஸ்கிரீன் செலவைத் தனியாகக் காட்டுங்கள். சிறிய, பல வண்ண வேலைகளை டிடிஎஃபுக்கு மாற்றுங்கள். கணக்கை மறைக்காமல் காட்டினால் வாடிக்கையாளர் பேரம் பேசுவது குறையும். அடுத்த முறை யாராவது "ஒரு சட்டை எவ்வளவு?" என்று கேட்டால், "எத்தனை சட்டை, எத்தனை வண்ணம்?" என்று கேட்ட பிறகே விலை சொல்லுங்கள்.