மாறியும் மதிப்பும்



1987-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் இந்நாட்டில் 25, 35, 75 கியாட் தாள்கள் செல்லா என அறிவிக்கப்பட்டன. அவற்றுக்கு ஈடாக வேறு பணமும் தரப்படவில்லை. தாள் அதே தாள். அதன் மதிப்பு மட்டும் சுழியமாயிற்று. உங்கள் தாத்தா பாட்டியரைக் கேட்டால் கூறுவார்கள். கணினி நிரலில் ‘மாறி’ என்பதை விளக்குவதற்கு இதனினும் பொருத்தமான சான்று எனக்குக் கிட்டவில்லை. துயரமான சான்றுதான், எனினும் மனத்தில் நிற்கும்.

இணையத்தளங்கள் அமைக்கப் பயன்படும் மொழிகளுள் பி.எச்.பி. ஒன்று. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பார் 1994-இல் தம் சொந்தப் பக்கத்திற்காகத் தொடங்கி, 1995-இல் வெளியிட்டார். விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள் இம்மொழியில் எழுதப்பட்டதே. இதில் மாறியின் பெயர் டாலர் குறியுடன் தொடங்கும். தமிழ்ப் பெயரும் இடலாம்.

$தாள் = 75;

இடையிலுள்ள குறியைக் கணக்கு வகுப்பில் பயின்ற சமக்குறியாகக் கொள்ளலாகாது. வலப்பக்கத்தை முதலில் கணித்து, விடையை இடப்பக்கத்துப் பெயரில் இடுக என்னும் கட்டளை அது. எனவேதான் $தாள் = $தாள் + 10; என்பது கணக்கில் பொய்; நிரலில் மெய். சமமா என வினவ இரு குறிகள் வேண்டும் (==). ஒன்றை மறந்தால் வினா கட்டளையாகிவிடும். மொழியோ அதனைப் பிழையென்று சொல்லாது.

இனிக் கூர்ந்து நோக்குக:

$தாள் = 75;
$குறிப்பு = $தாள்;
$பெட்டி = &$தாள்;
$தாள் = 0;

இப்போது ‘குறிப்பு’ எவ்வளவு? 75. அது மதிப்பைப் படியெடுத்துக்கொண்டது. தாள் பின்னர் மாறியதை அறியாது. அறிவிப்புக்கு முன் வணிகர் ஒருவர் கணக்கேட்டில் 75 என்று எழுதியிருப்பின், பின்னரும் அவ்வேடு 75 என்றே காட்டும் அன்றோ? ‘பெட்டி’யின் மதிப்போ 0. & என்னும் குறி படியெடுப்பதில்லை; அதே இடத்திற்கு இரண்டாம் பெயர் சூட்டுகிறது. தாளையே பெட்டியில் பூட்டி வைத்தவர் நிலை இது. $பெட்டி = 90; என எழுதினால் தாளும் 90 ஆகும். (அந்நிகழ்ச்சிக்குப் பின் 45, 90 கியாட் தாள்கள் வெளிவந்ததும் உண்மையே!)

தமிழில் பெயரிடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ‘தொகை’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் பதிக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, பி.எச்.பி.க்கு அவை இரு வேறு மாறிகள். பணம் இட்ட மாறி வெறுமையாகத் தோன்றினால் முதலில் அவ்வெழுத்தைச் சோதியுங்கள்.