முதலில் கை எதற்குப் போகிறது?

பிலிமத்தலாவையில், கடலாதெனிய விகாரைக்குத் திரும்பும் சந்திக்குக் கொஞ்சம் உள்ளே எங்கள் வீடு. நான் ஓய்வுபெற்ற தாதி. பேராதனை, கடுகண்ணாவைப் பக்கம் வேலை செய்யும் பிள்ளைகள் நான்கைந்து பேர் கடமை முடிந்து வரும்போது பிளேன்டீக்கு எட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தி தாதி, ஒருத்தி குடும்பநல உத்தியோகத்தர், ஒருவன் மருந்தாளர், ஒருவன் தோட்டத்து வைத்திய உதவியாளர். எல்லார் போனிலும் இப்போது ஒவ்வாமை பற்றி ஏதாவதொரு ஒன்லைன் கோர்ஸ் ஓடுகிறது. "மிஸ், இதுகளை எப்படிப் படிக்கிறது?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்தேன்.

1. சான்றிதழுக்காகப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் சான்றிதழ் தேவைதான். ஆனால் முதல் வீடியோவைத் திறப்பதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள்: "இப்போது என் முன்னால் ஒருவர் முகம் வீங்கி, மூச்சுத் திணறி விழுந்தால் என் கை முதலில் எதற்குப் போகும்?" கோர்ஸ் முடிந்த பிறகு அதே கேள்விக்கு மறுபடி எழுதுங்கள்.

இதை நான் கற்றது ஒரு குளவிக்கொட்டில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றில் இருந்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்ணை டிராக்டரில் ஏற்றி வந்தார்கள். இடுப்பில் படங்கு கட்டியபடியே இருந்தது. கூடைக்கயிறு அழுத்திய தடம் நெற்றிக்கு மேல் இன்னும் அழியவில்லை. வாங்கில் உட்கார்ந்து இரண்டு முறை வாந்தி எடுத்தாள். நான் அலுமாரிக்கு ஓடி, ஒவ்வாமைக்குப் போடும் பிரிட்டன் (Piriton) ஊசியைத் தேடினேன். அதை உடைத்துக்கொண்டு திரும்பும்போது அவள் வாங்கிலிருந்து சரிந்திருந்தாள். பின்னால் வந்த டொக்டர் என் கையைப் பார்க்கவே இல்லை. "அட்ரினலின்!" என்று கத்திவிட்டு, அவளைத் தரையிலேயே படுக்கவைத்துத் தொடையில் குத்தினார். அவள் பிழைத்தாள். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

தடிப்பைப் பிரிட்டன் தணிக்கும். விழும் இரத்த அழுத்தத்தையும் அடைபடும் தொண்டையையும் அது நிறுத்தாது.

2. அளவை மனப்பாடம் செய்யுங்கள். நள்ளிரவில் யாரும் கொப்பியைப் புரட்ட முடியாது. ஆயிரத்தில் ஒன்று அட்ரினலின், பெரியவருக்கு 0.5 மில்லிலீற்றர், தொடையின் நடு வெளிப்பக்கத் தசையில். 6 முதல் 12 வயதுவரை 0.3, அதற்குக் கீழே 0.15. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் போட வேண்டும். வெளிநாட்டுப் பாடங்களில் பேனா போன்ற தானியங்கி ஊசியைத் தொடையில் அழுத்திக் காட்டுவார்கள். அது நம் நாட்டில் சுலபமாகக் கிடைப்பதில்லை. நம் கையில் இருப்பது கண்ணாடி அம்பூலும் சிரிஞ்சும்தான், ஆகவே பயிற்சியும் அதிலேயே இருக்கட்டும்.

3. படுக்க வையுங்கள், காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து இருக்கலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். கழிவறைக்கு நடத்திக் கூட்டிப்போன இடத்தில் நோயாளி விழுந்து இறந்த கதைகள் உண்டு. "இப்ப சுகம், கடைசி பஸ் போயிரும்" என்பவரையும் உடனே அனுப்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து எல்லாம் மறுபடி தொடங்கலாம்.

4. பாடம் எந்த ஊரில் தயாரானது என்று பாருங்கள். நிலக்கடலை, பேர்ச் மரத்து மகரந்தம் என்று ஒரு மணி நேரம் போகும். கேளுங்கள், அடிப்படை எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் ஓரத்தில் நம் ஊரை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் குளவியை எழுதுங்கள். தோட்டத்தில் எது கொட்டினாலும் குளவிதான். சிங்களத்தில் பம்பரா வேறு, தெபரா வேறு. பம்பரா என்பது மலைத்தேனீ, கொடுக்கைத் தோலில் விட்டுப் போகும், அதை உடனே அகற்ற வேண்டும். நகத்தாலா அட்டையாலா என்று யோசித்து நேரத்தைப் போக்காதீர்கள். தெபரா கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும்.

அடுத்தது பாம்புக்கடி. இந்தியாவிலிருந்து வரும் விஷமுறி மருந்து உயிர் காக்கிறது, அதே மருந்து கடும் ஒவ்வாமையையும் கொண்டுவருகிறது. இதைப் பற்றி உலகம் படிக்கும் முக்கியமான ஆய்வொன்று நம் நாட்டு வைத்தியசாலைகளில் நடந்தது. 1,007 நோயாளிகள், 2011இல் வெளியானது. நான்கில் மூவருக்கு ஏதாவது ஒரு எதிர்விளைவு வந்தது. விஷமுறிக்கு முன் தோலுக்குக் கீழ் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தவர்களுக்குக் கடுமையான எதிர்விளைவு முதல் மணி நேரத்தில் 43 வீதம் குறைந்தது. ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசீனும் உதவவில்லை. அவ்விரண்டையும் சம்பிரதாயம்போல ஏற்றிக்கொண்டிருந்த தலைமுறை என்னுடையது. பிரித்தானிய உயிர்மீட்பு சபையும் 2021இல் ஹைட்ரோகோர்ட்டிசோன் போன்ற ஸ்டீரொய்டைக் கடும் ஒவ்வாமைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளிலிருந்து எடுத்துவிட்டது.

இன்னொன்று. நம் மலைப்பக்கம் கடிப்பது பெரும்பாலும் சிங்களத்தில் குணகட்டுவா என்கிற சிறு விரியன். இந்திய விஷமுறி அதற்கு வேலை செய்யாது. பாம்பு எதுவென்று பாராமல் ஏற்றினால் பலன் கிடைக்காது, ஒவ்வாமை ஆபத்து மட்டும் கிடைக்கும்.

5. ஒரு சட்டி மீன் குழம்பு சாப்பிட்ட நான்கு பேர் ஒரே நேரத்தில் முகம் சிவந்து, தலையிடியும் அரிப்புமாக வந்தால் நான்கு பேருக்கும் ஒவ்வாமை என்று எழுதிவிடாதீர்கள். பலயா, கெலவல்லா போன்ற மீன்கள் ஐஸ் போதாமல் கிடந்தால் கிருமிகள் அதில் ஹிஸ்டமினை உண்டாக்கும், சமைத்தாலும் அது போகாது. கண்டிக்கு மீன் கரையிலிருந்து லொறியில்தான் வருகிறது. இங்கே பிரிட்டன் நன்றாகவே வேலை செய்யும், அது வேறு விடயம். உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். ஒவ்வாமை என்று எழுதி அனுப்பினால் அந்த நால்வரும் ஆயுள் முழுக்க மீனைத் தொடமாட்டார்கள், கடைக்காரர் மிச்ச மீனை விற்றுக்கொண்டிருப்பார்.

6. "ஒவ்வாமை இருக்கா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். அது பாடப்புத்தகச் சொல். "ஏதாவது மருந்து, சாப்பாடு ஒத்துக்காம மேலெல்லாம் தடிச்சிருக்கா, மூச்சு அடைச்சிருக்கா?" என்று கேளுங்கள். சிங்களத்தில் அசாத்மிகதா என்பதும் இதே கதைதான். பதிலைக் கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் சிவப்பு மையால் எழுதுங்கள், மருந்தின் பெயரோடும் என்ன நடந்தது என்பதோடும்.

7. அதே சிவப்பு மையை யோசித்து எழுதுங்கள். சிறுவயதில் பெனிசிலின் குடித்தபோது வயிறு போனது, அதனால் பெனிசிலின் ஒத்துவராது என்று சொல்பவர்கள் நிறைய. பெனிசிலின் ஒவ்வாமை என்று குறிக்கப்பட்டவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இல்லை என்பதைப் பல நாடுகள் கண்டிருக்கின்றன. வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதாகி மாதாமாதம் பெனிசிலின் ஊசிக்கு வரும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பிழையான ஒரு வரி அந்தப் பிள்ளையின் ஊசியை நிறுத்திவிடும். அதற்காக நீங்களாகவே அழித்துவிடவும் கூடாது. சந்தேகம் என்றால் நிபுணரிடம் அனுப்புங்கள், கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

8. இலவசக் கோர்ஸ் என்றால் கடைசி சிலைடில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளைக்கு இதைத் தனியாகச் சொன்னேன். பசுப்பால் ஒவ்வாமைப் பாடங்களில் பால்மா நிறுவனங்களின் கை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்று பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை 2018இல் விரிவாக எழுதியது. அழுகிற குழந்தை, கக்குகிற குழந்தை எல்லாம் ஒவ்வாமைக் குழந்தை என்று ஒரு பாடம் சொன்னால், அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று தேடுங்கள்.

9. தனியே படித்ததைக் கூடிச் செய்து பாருங்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் விறாந்தையில் செய்தோம். மருந்தாளர் தம்பி காலாவதியான அம்பூல்கள் கொண்டுவந்தான். நோயாளிக்குப் பதில் ஒரு தோடம்பழம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தோட்டத்து வைத்திய உதவியாளர் தம்பிதான் தலைவன். 1990 அம்புலன்சுக்கு அழைப்பது யார், காலைத் தூக்குவது யார், நேரத்தை எழுதுவது யார் என்று அவன் பிரித்துக் கொடுக்க வேண்டும். கோர்ஸில் அவனுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

அம்பூல் கையிலேயே இருந்தது. ஊசியை என் தையல் பெட்டிக்குள் நான்தான் ஒளித்து வைத்திருந்தேன். தேடியெடுத்து, 0.5 இழுத்து, தோடம்பழத்தில் குத்த இரண்டு நிமிடம் நாற்பது வினாடி போனது. 1990க்கு யாரும் அழைக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. "மிஸ், எங்கட டிஸ்பென்சரியிலயும் ஊசி வேற லாச்சிலதான் இருக்கு" என்றான்.

திங்கட்கிழமை காலை ஒரு படம் அனுப்பியிருந்தான். பிஸ்கட் டின் ஒன்று. உள்ளே இரண்டு அம்பூல், மூன்று சிரிஞ்சு, ஊசிகள், மூடியில் மூன்று மொழியில் அளவு. வெளிச்சம் படாமல் வை என்று பதில் போட்டேன்.