நள்ளிரவில் ஒலித்த சத்திரத்து மணி

பசித்தவருக்கு உணவளித்தலும், ஒதுங்க இடமற்றவருக்கு உறைவிடம் தருதலும் பிரிக்க இயலாத அறங்கள். அவற்றை நடத்தும் முறையைக் காவிரி நாட்டு வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.

திருவீழிமிழலைத் திருமடங்கள்

கும்பகோணத்தை அடுத்த திருவீழிமிழலையில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் தங்கியிருந்தபோது கொடிய பஞ்சம் வந்தது. இறைவன் நாள்தோறும் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். அக்காசுகளைக் கொண்டு இருவர் திருமடங்களிலும் அடியார்கள் அமுது செய்விக்கப்பட்டனர். உணவு உண்டென்பது பறையறைந்து அறிவிக்கப்பட்டது.

ஆயினும் சம்பந்தர் திருமடத்தில் உணவு காலம் தாழ்ந்தே பரிமாறப்பட்டது. அவர் பெற்ற காசுக்கு வணிகர் வட்டம் கேட்டதால் பண்டம் வாங்கத் தாமதமாயிற்று. இதனை அறிந்த சம்பந்தர் பதிகம் பாடி வாசியில்லாக் காசு பெற்றார் என்பது பெரியபுராண வரலாறு. பசித்தவருக்கு ஒரு நாழிகைத் தாமதமும் துன்பமே என உணர்ந்த அருள் உள்ளம் அது.

சரபோஜி மன்னரின் சத்திரங்கள்

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் நாட்டுச் சத்திர அறங்கள் தொடர வேண்டி 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் உணவு அளிக்கப்பட்டதை அதில் விளக்கியுள்ளார். சமைத்த சோற்றை விரும்பாதவர் அரிசியும் பிற பண்டங்களும் பெற்றனர். நோயுற்றோர் குணமாகும்வரை மருந்தும் பரிவும் பெற்றனர். ஆதரவற்ற குழந்தைகளும் கருவுற்ற பெண்டிரும் பேணப்பட்டனர். நள்ளிரவில் மணி ஒலிக்கப்பெற்று, இன்னும் உண்ணாதவர் வருக என்று அறிவிக்கப்பட்டது. மன்னர் 1802இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் இம்மரபின் சான்றாக விளங்குகின்றது.

இன்றைய கடமை

ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் பேருந்து நிலையங்களிலும் கடை வாயில்களிலும் இரவைக் கழிப்போர் இன்றும் உளர். நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் உறைவிடமேனும் ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என 2010இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. கட்டடம் எழுந்தால் மட்டும் அறம் நிறைவேறாது. முதுமையால் நடக்க இயலாதவர் கதவைத் தட்டுவதில்லை. நாணத்தால் சிலர் வருவதில்லை. மூட்டை களவுபோகும் என்று அஞ்சுவோரும் உண்டு. இருட்டும் முன்னரே கதவைத் திறத்தல், உலர்ந்த பாயும் போர்வையும் சூடான உணவும் ஆயத்தமாக வைத்தல், உடைமைகளைக் காத்தல், குலமும் ஊரும் கேட்டு மனம் நோகச் செய்யாதிருத்தல், நோயாளியை மருத்துவமனையில் சேர்த்தல் ஆகியவை இத்தொண்டின் அங்கங்கள். இவை யாவற்றினும் முதன்மையானது, வாராதவரைத் தேடிச் சென்று அழைத்தல்.

அன்று பறையும் மணியும் செய்த பணி அதுவே. இன்று அப்பணியைச் செய்ய வேண்டியவை தொண்டரின் கால்களே. தேடிச் சென்று தரும் ஒரு போர்வையும் சிவத்தொண்டே என்பதை அன்பர்கள் உணர்ந்து ஒழுகுதல் நலம்.