ஒரு குதிரை, ஐந்து பாடங்கள்

விடுமுறையில் மாதேரானுக்குப் போகும் நம் குடும்பங்கள், குழந்தையைக் குதிரைமேல் ஏற்றிப் புகைப்படம் எடுத்தவுடன் இறக்கிவிடுவது வழக்கம். கொடுத்த பணத்துக்கு அது போதாது. மோட்டார் கார்கள் தஸ்தூரியோடு நின்றுவிடும் அந்த மலையில், குதிரையிடம் பள்ளிப் பாடங்களே இருக்கின்றன. பெற்றோர்கள் சற்று எடுத்துச் சொன்னால் போதும்.

கணிதம்: தரையிலிருந்து, கழுத்தும் முதுகும் சேரும் இடம்வரை உள்ளதே குதிரையின் உயரம். அதைக் 'கை' என்னும் அளவில் சொல்வார்கள். ஒரு கை 4 அங்குலம். 14.2 கை என்றால் 14 கையும் 2 அங்குலமும். அதாவது 58 அங்குலம். 14.2-ஐ 4-ஆல் பெருக்கினால் 56.8 வரும், அது தவறு. புள்ளி வைத்ததெல்லாம் தசமம் அல்ல. கிரிக்கெட்டில் 14.2 ஓவர் என்பதும் இப்படித்தானே!

பௌதிகம்: குதிரை புறப்படும்போது உடல் பின்னால் சாய்கிறது, சட்டென்று நின்றால் முன்னால் சாய்கிறது. இதுவே நியூட்டனின் முதல் விதி. மேட்டில் முன்னால் சாய், இறக்கத்தில் பின்னால் சாய் என்று குதிரைக்காரர் சொல்வது ஈர்ப்பு மையத்தைப் பற்றிய பாடம். ஜேம்ஸ் வாட், தம் நீராவி இயந்திரத்தை ஆலைக் குதிரைகளோடு ஒப்பிட்டுக் காட்ட வகுத்த அளவுதான் குதிரைத் திறன். ஒரு குதிரைத் திறன் 746 வாட். எங்கள் ரயில்வேயில் பல்லாண்டுகள் உழைத்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினுக்கு 2600 குதிரைத் திறன்!

உயிரியல்: கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் குதிரைக்கு ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், ஆனால் நேர் பின்புறம் தெரியாது. அங்கே யாராவது நெருங்கினால் மிரண்டு உதைக்கும். "பின்னால் போகாதே" என்று அதட்டுவதைவிடக் காரணத்தைச் சொன்னால் குழந்தைக்கு மறக்காது. ஓய்வாக நிற்கும் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. குழந்தை தன் நாடியை எண்ணி ஒப்பிடட்டும்.

சரித்திரம்: கடல்வழியே வந்த குதிரைகளைக் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வங்களுள் ஒன்றாகச் சொல்கிறது பட்டினப்பாலை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கப்பலில் வந்த குதிரைகள் சரியான பராமரிப்பின்றி மடிந்ததையும் குறிப்பிடுகிறார். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பேணத் தெரியாவிட்டால் பயனில்லை.

தமிழ்: குதிரை, பரி, புரவி, இவுளி, மா - ஒரே விலங்குக்கு ஐந்து பெயர்கள். சேணம், கடிவாளம், லாடம், லாயம் ஆகிய சொற்களையும் அங்கேயே தொட்டுக் காட்டிக் கற்பிக்கலாம். குதிரைக்காரரிடம் மராத்தியில் கேட்டுத் தெரிந்துகொண்டதைக் குழந்தை வீட்டில் பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, புழங்காத சொல் துருப்பிடித்துவிடும்.

ஒரு வேண்டுகோள்: தலைக்கவசம் இல்லாமல் குழந்தையை ஏற்றாதீர்கள். முதுகில் புண் உள்ள, நொண்டுகிற குதிரையைத் தவிர்த்துவிடுங்கள். வாயில்லாப் பிராணியிடம் இரக்கம் காட்டுவதும் பாடம்தான்.

வீட்டுக் கணக்கு: 30 கிலோ எடையுள்ள சிறுவன், 3 மீட்டர் உயரமுள்ள மாடிப்படிகளை 4 விநாடியில் ஏறுகிறான். அவனுடைய குதிரைத் திறன் என்ன? (விடை: சுமார் 0.3)