வீட்டுக்கு வந்த கடை

சென்ற வருடம் நோன்புக்கு ஒரு மாதம் இருக்கையில், வெள்ளவத்தையில் உள்ள என் சாச்சி தன் வீட்டில் சமையலறைச் சாமான்கள் விற்றார். "பின்னேரம் தேத்தண்ணி குடிக்க வாங்க" என்றுதான் அயலவர்களை அழைத்திருந்தார். எல்லோரும் பலகாரம் சாப்பிட்டு முடிந்ததும் பிளாஸ்டிக் பெட்டிகளும் நொன்ஸ்டிக் தாச்சிகளும் மேசைக்கு வந்தன. "உங்களுக்கு என்ன எழுதட்டும்?" என்று எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொருவராகக் கேட்டார். மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

விற்பனை நன்றாகவே நடந்தது. ஆனால் தாச்சி வாங்கிய பக்கத்து வீட்டு மாமி இரண்டு மாதமாகியும் காசு கொடுக்கவில்லை. சாச்சி வீட்டுப் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டார். "சல்லி போனாப் போகட்டும், அவ வராம நிண்டுட்டாவே" என்று சாச்சி வருந்தினார்.

உயர்தர வகுப்பில் வணிகம் கற்கும் எனக்கு, இந்த விற்பனை முறை எங்கே தொடங்கியது என்று அறிய ஆவல் எழுந்தது. அமெரிக்காவில் ஏர்ள் டப்பர் என்பவர் காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பாத்திரங்களை 1946இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். அந்த மூடியை எப்படி அழுத்தி மூடுவது என்று தெரியாததால் கடைகளில் அவை தேங்கின. பிரௌனி வைஸ் என்ற பெண்மணி அவற்றை வீடுகளுக்குக் கொண்டுசென்று செய்து காட்டினார். திரவம் நிரப்பிய பாத்திரத்தை அறைக்குள் எறிந்து, சிந்தாததைக் காட்டினார். 1951இல் டப்பர்வெயார் கடை விற்பனையைக் கைவிட்டு வீட்டு விற்பனைக்கே மாறியது. 1954இல் 'பிஸ்னஸ் வீக்' சஞ்சிகையின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே. ஆயினும் 1958இல் நிறுவனம் அவரை நீக்கியது. பங்கு எதுவும் அவர் கையில் இருக்கவில்லை.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று: வீட்டு விற்பனையின் பலம் செய்து காட்டுவதில் இருக்கிறது, விருந்தாளியின் முகத்தாட்சணியத்தில் அல்ல. எனவே கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் அடுத்த விற்பனையை நானும் உம்மாவும் சாச்சியும் இப்படித் திட்டமிட்டோம்:

1. அழைக்கும்போதே "சாமான் விற்பனை இருக்கிறது, வாங்காவிட்டாலும் வாருங்கள்" என்று சொன்னோம்.

2. பத்துப் பேரை மட்டும் அழைத்தோம். அப்போதுதான் எல்லோரும் தொட்டுப் பார்க்க முடியும்.

3. பேச்சைக் குறைத்துச் சமைத்துக் காட்டினோம். எண்ணெய் குறைவாக விட்டுத் தாச்சியில் முட்டை பொரித்தோம். பெட்டியில் நீர் ஊற்றிக் கவிழ்த்தோம்.

4. குறையையும் சொன்னோம்: இரும்பு அகப்பை பட்டால் நொன்ஸ்டிக் பூச்சு கீறிவிடும்.

5. விலைப் பட்டியலையும் சிறு துண்டுத் தாளையும் கையில் கொடுத்தோம். விரும்பியவர் எழுதி மடித்துத் தரலாம். யார் என்ன வாங்கினார், யார் வாங்கவில்லை என்பது மற்றவருக்குத் தெரியாது.

6. கணக்கை மறைக்காமல் எழுதினோம். விற்பனை 18,000 ரூபா. சாமான்களின் கொள்விலை 14,400. பலகாரமும் முச்சக்கர வண்டிக் கூலியும் 2,150. மிஞ்சியது 1,450 ரூபா. செலவைக் கழிக்காமல் 3,600 ரூபாவையும் இலாபம் என்று நினைத்திருந்தால் ஏமாந்திருப்போம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சாமானை விற்பதைவிட ஆள் சேர்ப்பதற்கே அதிகப் பணம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க, அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால், பத்தாவது சுற்றில் மட்டும் 6 கோடிக்கு மேற்பட்டோர் தேவை. நம் நாட்டின் சனத்தொகையோ 2 கோடியைச் சற்றே தாண்டியது. கடைசியில் சேர்பவர் பணத்தை இழப்பது நிச்சயம். இத்தகைய பிரமிட் திட்டங்களை இலங்கையின் வங்கித்தொழில் சட்டம் தடைசெய்துள்ளது.

எங்கள் வீட்டுக்கு வந்த பத்துப் பேரில் நால்வர் எதையும் வாங்கவில்லை. அவர்களும் சிரித்துப் பேசியே விடைபெற்றனர். மறுநாள் சாச்சி பக்கத்து வீட்டு மாமியிடம் போய், "தாச்சி விருப்பமில்லாட்டி திருப்பித் தாங்க, கடனும் இல்ல, கோபமும் இல்ல" என்றார். மாமி தாச்சியைத் திருப்பிக் கொடுத்தார். அன்று பின்னேரமே தேத்தண்ணிக்கும் வந்தார்.

சாச்சி தன் கணக்குக் கொப்பியில் அந்தக் கடனை வெட்டிவிட்டார். எங்கள் விற்பனையில் கிடைத்த பெரிய இலாபம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.